முதுகு என்னுடையது, சம்மதம் யாருடையது?

எனக்கு ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்தவர் சீமையில் படித்துத் திரும்பிய டாக்டர். நோயாளி நான்தான், ஆனால் வைத்தியத்தைப் பற்றி அவர் பேசியதெல்லாம் என் கணவரிடம். என்னை வராந்தா பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜட்கா வண்டியில் மயிலாப்பூர் திரும்பும்போது, "முதுகுல சின்ன ஆபரேஷனாம். ஏதோ நரம்பை வெட்டினா கொதிப்பு எறங்கிடுமாம். சரின்னு சொல்லிட்டேன்" என்றார் கணவர். எனக்குப் புடவை எடுத்துவிட்டு வந்ததுபோல் சொன்னார்!

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மாலை, டாக்டர் மாணவர்களோடு என் கட்டிலருகே வந்தார். மடிசார் கட்டிய மாமிக்கு இங்கிலீஷ் எங்கே புரியப் போகிறது என்ற தைரியத்தில் என் எதிரிலேயே விளக்கினார். இந்த ஊரில் இதுவரை யாரும் செய்யாத ஆபரேஷனாம். பலன் உண்டா என்பது இந்த அம்மாள் பிழைத்து எழுந்தால்தான் தெரியுமாம்!

என் தகப்பனார் என்னை இங்கிலீஷ் படிக்க வைத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து அந்தப் பாஷையிலேயே கேட்டேன்: "இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னீர்களா?"

டாக்டரின் முகம் வெளிறியது. "சொன்னால் அவர் பயந்துவிடுவாரே!" என்றார்.

அவர் பயப்படக் கூடாதாம்! வெட்டுப்படப் போகிறவள் நானல்லவா?

அன்றே வீடு திரும்பினேன். "பெரிய டாக்டராச்சேன்னு நம்பிட்டேன்டி" என்று கணவர் தலையைச் சொறிந்தார்.

புது வைத்தியமே கூடாதென்று நான் சொல்லவில்லை. யாராவது ஒருவர் முதலில் ஆபரேஷன் மேஜையில் படுக்கத்தான் வேண்டும். படுக்கிறவளைக் கேட்டுவிட்டுப் படுக்க வையுங்கள் என்கிறேன்.

இப்போதெல்லாம் டாக்டருக்கு எதிர் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். வராந்தா பெஞ்சியில் என் கணவர் காத்திருக்கிறார்.