பக்கத்து வீட்டு நம்பர்

என் மனைவி எப்சிக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. என் சட்டையில் பொத்தான் அறுந்தால் நான்தான் தைத்துக்கொள்வேன். ஆனால் மாதனூரில் ஒரு தெரு முழுக்க அவளை ஆம்பூர் டெய்லரம்மா என்றுதான் தெரியும். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவருக்கும் இந்த விஷயம் தெரியாது. பாஸ்டர் அவளைப் பற்றிப் பேசும்போது, பொய் சொல்லாத சகோதரி என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

அவள் பி.ஏ. முடித்துவிட்டு 1992-ல் ஆம்பூரில் நெஞ்சு நோய் டாக்டர் தேவசகாயத்தின் கிளினிக்கில் டெலிபோன் மேசைக்கு வந்தாள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள். பலருக்குக் காசநோய். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதம் இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அப்படி வராமல் போகிறவர்களைக் கூப்பிட்டு வரவழைப்பது எப்சியின் வேலை.

அப்போது அவர்கள் வீடுகளில் போன் ஏது? நோயாளியின் கார்டில் ஒரு எண்ணை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போடுவாள். பக்கத்து வீட்டுக்காரருடைய நம்பரோ மளிகைக் கடை நம்பரோ அது. எடுக்கிறவர் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவார், இல்லையென்றால் சேதியைக் கேட்டுச் சொல்வார். அவருக்கு நோய் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் என்றால் கல்யாணம் நின்றுவிடும். அதனால் எப்சி, பெண்களுக்கு, "ஆம்பூர் டெய்லர் பேசறேங்க, ஜாக்கெட் ரெடின்னு சொல்லிடுங்க, திங்கக்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்பாள். ஆண்களுக்கு வாட்ச் ரிப்பேர். இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டுச் சிரித்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

2005-ல் அவள் தொண்டை கெட்டது. ஒரு நாளைக்கு எண்பது போன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குரலே இருக்காது. குழம்புக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்பதைக்கூடக் காகிதத்தில் எழுதிக் காட்டுவாள். நான் பேருந்து நிலையம் அருகில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். நாம் எழுதிக் கொடுக்கும் வாக்கியத்தைக் கம்ப்யூட்டரே போனில் பேசும் என்று சென்னையில் ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் விற்றது. நானாகவே போய் டாக்டரிடம் சொன்னேன்.

"எப்சிக்குத் தொண்டை போய்டுச்சி சார்."

"அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேப்பா. சரி, போட்டுடு" என்றார்.

மூன்று வாரம் ஆனது. தமிழை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும், அது தன் இஷ்டத்துக்குப் படிக்கும். மாத்திரை என்ற ஒரு சொல்லை அதன் வாயிலிருந்து வரவழைக்க இரண்டு நாள். எப்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னாங்க இது, ஜலதோசம் புடிச்ச பாஸ்டர் மாதிரி பேசுது?"

"பழகிடும்."

"யாருக்கு, அதுக்கா, கேக்கறவங்களுக்கா?"

வாக்கியத்தை டாக்டரே எழுதினார். பெயர், அதற்குப் பிறகு, உங்கள் காசநோய்ச் சளிப் பரிசோதனை திங்கட்கிழமை, மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோயின் பெயர் வேண்டாம் என்று எப்சி சொல்லிப் பார்த்தாள். சொன்னால்தான் பயந்து வருவார்கள் என்றார் அவர். "அப்போ பி.பி. கார்டெல்லாம் எனக்கு வுட்டுடுங்க சார், அதை நானே பேசிக்கறேன்" என்றாள். ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னாள்: "பி.பி. போட்டது ஒண்ணையும் மிஷினுக்குக் குடுத்துடாதீங்க."

வெள்ளிக்கிழமை பட்டியலை ஏற்றினேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது என்று சாஃப்ட்வேர் ஏற்க மறுத்தது. எண்களை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பி.பி. என்ற எழுத்தை மட்டும் பட்டியல் முழுக்க ஒரே தட்டில் அழித்தேன். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. எதை வைத்துப் பிரிப்பது என்று யோசிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மிஷின் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை, மிஷின் கூப்பிட்ட எண்களை அச்சடித்த தாளை எப்சி பார்த்தாள். "இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் கத்துவதற்குக் குரல் இல்லை. பி.பி. நம்பர்கள் எண்பத்து மூன்று. எல்லாவற்றையும் அன்றைக்கே கூப்பிட்டாள். மளிகைக் கடை சர்தார் பாஷா, "ஏதோ ரெக்கார்டு சத்தம்மா, ஒண்ணும் புரியல, வெச்சிட்டேன்" என்றார். அநேகமாக எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். மிஷின் அவ்வளவு மோசமாகப் பேசியதில் எங்களுக்கு அன்று ஓர் ஆறுதல்.

மாதனூர் வள்ளியம்மாள் மட்டும் வைக்கவில்லை. மிஷின் மூன்று முறை சொன்னது, மூன்று முறையும் கேட்டிருக்கிறார்.

மேகலாவின் கார்டில் இருந்த பக்கத்து வீட்டு நம்பர் அவருடையது. மேகலாவுக்கு இருபத்திரண்டு வயது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண். மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது மாதம். தை மாதம் குடியாத்தத்தில் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. அவள் திங்கட்கிழமை வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், அப்போது பழைய மாத்திரைக்கு அடங்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எப்சி, "கெளம்புங்க" என்றாள். கையில் ஒரு பை. எங்கள் தெரு டெய்லர் அப்துல் ஹமீதிடம் குத்துமதிப்பாக அளவு சொல்லி ஒரு ஜாக்கெட் தைத்து வாங்கியிருந்தாள்.

வள்ளியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பூர் டெய்லர்மா. மேகலா ஜாக்கெட் வாங்க வர்ல, அதான் நானே எடுத்தாந்தேன்."

"ஓ, அந்த டெய்லரா? உங்களைத் தவிர ஒரு மிஷினும் பேசிச்சே. மேகலாவுக்கு டி.பி.ன்னு."

"அதுக்குத்தான் என் வூட்டுக்காரரைக் கூட்டியாந்தேன். இவருதான் அந்த மிஷின்காரர்" என்றாள் எப்சி. என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்றாள்.

"கம்ப்யூட்டர் நம்பரை மாத்திப் போட்டுடுச்சிமா. அது வேற ஊரு மேகலா."

"பேரு கரெக்டு, நம்பர் மட்டும் தப்பா?"

"பேரு ஒண்ணா இருந்ததாலதான் தப்பாச்சி."

வள்ளியம்மாள் முறத்தை வைத்துவிட்டு ஜாக்கெட்டை வாங்கி, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "கை சுத்தமாத்தான் கீது. எனக்கும் ஒண்ணு தெச்சிக் குடு. அளவு ஜாக்கெட் தர்றேன்" என்றார்.

மேகலா பக்கத்தில் தன் வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தாள். மாத்திரையே வேண்டாம், போதும் என்றாள். எப்சி ஜாக்கெட்டின் மடிப்பிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இன்னும் நாலு மாசம். நீ வர வேணாம், நான் எடுத்தாறேன்."

"ஜாக்கெட் தொளதொளன்னு கீதுக்கா."

"மாத்திரையை முழுங்கு. ஒடம்பு ஏறும், சரியாப்பூடும்."

அடுத்த மாதம் வள்ளியம்மாளின் ஜாக்கெட்டோடு போனாள். திரும்பும்போது பையில் வேறு இரண்டு பெண்களின் துணி. அதற்கடுத்த மாதம் ஐந்து. "இன்னாக்கா, நீங்க நம்ப கடைக்கு ஏஜெண்டா?" என்று ஹமீத் கேலி செய்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பேருந்து ஏறும்போது பார்க்கப் பாவமாக இருக்கும். நான் போகிறேன் என்பேன். "உங்களுக்கு அளவு சொல்லத் தெரியாது" என்பாள்.

மிஷினை நான் அந்த மாதமே கழற்றிவிட்டேன். எப்சி மறுபடி போன் மேசையில் உட்கார்ந்தாள். நான் வாங்கிக் கொடுக்க நினைத்த ஓய்வு, மிஷினைப் பேச வைக்க ஆன அந்த மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை.

மார்கழியில் மேகலாவின் சளி சுத்தம் என்று வந்தது. தையில் கல்யாணம் நடந்தது. இனி நிறுத்திவிடு என்றேன். "இப்ப நிறுத்தினா வள்ளியம்மாளுக்கு மறுபடி சந்தேகம் வரும். பொண்ணு புகுந்த வூட்ல கீறா" என்றாள். மூன்றரை வருடம் துணி சுமந்தாள்.

போன மாதம் இறந்தாள். சிறுநீரகம். தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர் தேவசகாயம். நான் கேட்டேன், அதனால் சொன்னார்.

நேற்று போன் அடித்தது.

"டெய்லரம்மாவைக் கூப்புடுங்க. வள்ளியம்மா பேசறேன், மாதனூரு. என் பச்சைத் துணி இன்னாச்சி?"

எண்பத்து மூன்று பேருக்கு ஒரே சாயங்காலத்தில் சேதி சொன்னவன் நான். இந்த ஒரு சேதி வாயில் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானே எடுத்தாறேன்மா."

"சீக்கிரம் வாங்க. மேகலா பிரசவத்துக்கு வந்து கீது. மாமியாரும் கூட வந்து கீறாங்க. டெய்லரம்மாவைப் பாக்கணுமாம்."

பச்சைத் துணி எப்சியின் பையிலேயே இருந்தது. ஹமீதிடம் கொடுத்திருக்கிறேன். எப்சி இல்லை என்று அங்கே போய்ச் சொல்ல வேண்டும். வள்ளியம்மாள் சும்மா விடமாட்டார், நூறு கேள்வி கேட்பார், மாமியார் பக்கத்தில் இருப்பார். எந்தக் கடை, எத்தனை வருடம், எந்தத் தையல் மிஷின் என்று ஹமீதிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். வள்ளியம்மாளுக்குக் கழுத்து இறக்கம் அரை அங்குலம் கம்மியாக வைக்க வேண்டுமாம். அதையும் எழுதிக்கொண்டேன்.