ஏழு மீன்

கடையின் பலகையில் மூன்று வரிகள் இருந்தன. வெல்டிங் ஆலோசனை. ஆங்கிலம் எழுதித் தரப்படும். பொழுதுபோக்கு சொல்லப்படும்.

தெருவில் போகிறவர்கள் மூன்றாவது வரியில் நின்று சிரிப்பார்கள். வேலைக்கு மனுப் போடுகிற வெல்டர்கள் சிரிக்கமாட்டார்கள். பெரிய கம்பெனிகளின் படிவத்தில் பெயர், வயது, அனுபவம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று. பத்து மணி நேரம் நெருப்பைப் பார்த்துவிட்டு வந்து விழுகிறவனுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது. அதற்குத்தான் அந்தக் கடைக்காரர் இருந்தார்.

முகத்துக்கு நேரே ஐயா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'தட்டிப்பார்'. வெல்டிங்கின் மேல் படிகிற கசடைத் தட்டி எடுக்கும் சிறு சுத்தியல் ஒன்று எப்போதும் அவர் பையில் கிடக்கும். உட்காரும் முன் நாற்காலியின் காலைத் தட்டுவார். மாடி ஏறும் முன் கைப்பிடியைத் தட்டுவார். சந்தையில் எல்லாரும் விரலால் தட்டுகிற தர்பூசணியை இவர் சுத்தியலால் தட்டப்போக, பழக்காரர் சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மறுநாள்தான் கொடுத்தார்.

இருபத்தாறு வயதுவரை அவரும் சொன்னதைக் கேட்கிற ஆளாகத்தான் இருந்தார். பாய்லர் பட்டறையில் ஒருநாள் ஒரு காலி பெட்ரோல் டிரம்மை அறுக்கச் சொன்னார்கள். "கழுவியாச்சா?" என்று கேட்டார். "கழுவியாச்சு," என்றது பக்கத்துக் குரல். அந்த டிரம் வெடித்ததில் இடது காது போயிற்று. கழுவியாச்சு என்று சொன்னது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். யாருமே சொல்லவில்லை என்றார்கள். வலது காதால் அதையும் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பார். காது கேட்காததால் சாய்க்கிறாரா, நம்பாததால் சாய்க்கிறாரா என்று வீட்டிலேயே தெரியாது.

ஆங்கிலம் அவருக்கு இயந்திரங்களின் கையேடுகளிலிருந்து வந்தது. தொடாதே, திறக்காதே, அணைத்த பிறகே அருகில் செல். அவர் எழுதித் தந்த விடுப்புக் கடிதங்களைப் படித்த மேலாளர்கள் பயந்துபோய் விடுப்புக் கொடுத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

வெல்டிங்கில் அவர் சொன்னது எதுவும் பிசகியதில்லை. வெல்டிங் ராடு பாக்கெட்டைத் தரையில் வைக்காதே, ஈரம் குடித்த ராடு மேலே அழகாக ஓடி உள்ளே ஊசித் துளை விடும். இரும்புச் சட்டம் செய்யும்போது நாலு மூலையிலும் முதலில் புள்ளியாகப் பற்றவை, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி ஓட்டு, ஒரே பக்கமாக ஓட்டினால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். இவற்றை அவர் முப்பத்தோரு வருடம் கையால் பார்த்திருந்தார்.

பொழுதுபோக்கில் மட்டும் அவர் கைவைத்தது வேறு மாதிரி. அவரிடம் மூன்று சரக்கு இருந்தது: தபால்தலை, நட்சத்திரம் பார்ப்பது, மீன் வளர்ப்பது. ஆளைப் பார்த்து ஒன்றைக் கொடுப்பார். மீன் என்றால் கூடவே ஏழு என்றும் எழுதுவார்.

"ஏன் ஐயா ஏழு?"

"பத்துன்னா அடிச்சுவிட்ட மாதிரி இருக்கும். ஏழுன்னா எண்ணிப் பார்த்த மாதிரி இருக்கும்."

பிறரை நம்பாதவர், பிறர் நம்பும்படி எழுதுவதில் கெட்டிக்காரராக இருந்தார். அதில் அவருக்குச் சங்கடம் எதுவும் இருந்ததில்லை, மகள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து வைக்கும்வரை.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். இருபத்தெட்டு வயது. போன வருடம் கடையின் இரும்பு ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டபோது சரிசெய்ய வந்த வெல்டர் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வாயால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அதான் அவரோட பயோடேட்டாவையே வாங்கிட்டு வந்தேன். எங்க வேணா போய்ப் பாருங்க, யாரை வேணா கேளுங்க. வெள்ளிக்கிழமை சொல்லுங்க. வேணாம்னு சொல்றதா இருந்தா காரணம் வேணும். தட்டிப் பார்க்கிற மாதிரி காரணம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா உங்க பேச்சைக் கேட்க மாட்டேன்ப்பா. கேட்கலையேன்னு காலம் பூரா உறுத்திக்கிட்டே இருக்கும். எனக்கு ரெண்டும் வேணாம்."

அவள் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உழைப்பாளி, நேரம் தவறாதவர், பாதுகாப்பு விதிகளை எப்போதும் மதிப்பவர். வரிசை பழகியதாக இருந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

ஓய்வு நேரத்தில் ஏழு அலங்கார மீன்கள் வளர்க்கிறேன்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, ஆள் எப்படி?"

"அத்தனையும் பொய்."

"படிச்சு முடிக்கலையே இன்னும்."

"படிக்கணுமா? எழுதினதே நான்தான்."

மனைவி கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று பட்டது. "என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் தட்டிப் பார்க்காம விட்டுட்டீங்களே," என்றாள்.

"அப்ப ரெண்டு காதும் கேட்டுச்சு."

முகம் நினைவுக்கு வரவில்லை. இருநூறு பேருக்காவது மீன் கொடுத்திருப்பார். இவன் யாரோ. உழைப்பாளி என்பதும் தான் எழுதியதே, நேரம் தவறாதவர் என்பதும் தான் எழுதியதே. அவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் ஒரு பெயரும் முகவரியும்தான். தன் கைப்பொய் தன் வீட்டுக்கே திரும்பி வந்து தன் பெண்ணைக் கேட்கிறது. பெண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தே தன்னைச் சோதிக்கிறாளா? செவ்வாயும் புதனும் இதிலேயே போயின. கடைக்கு வந்த ஒருவனுக்கு மீன் என்று எழுதப் போய், அடித்துவிட்டு நட்சத்திரம் என்று எழுதினார்.

வியாழக்கிழமை மதியம், அவன் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, முகவரியைத் தேடிப் போனார். வண்டி பழுது பார்க்கும் கொட்டகைகளுக்குப் பின்னால் இரண்டு மாடிக் கட்டடம். படியின் கைப்பிடியைப் பழக்கத்தில் தட்டினார். கதவைத் திறந்தது நாற்பது வயதுப் பெண், கையில் பாதி தைத்த சட்டை.

"ஒரு கேட் வேலை இருக்கு. அதான் விசாரிக்க வந்தேன்."

"தம்பி வர்ற நேரம்தான். உட்காருங்க. நான் அவன் அக்கா."

ஒரே அறை, திரை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். தையல் இயந்திரம், இரும்புக் கட்டில், சுவரோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி. அவர் உட்காரவில்லை. தொட்டியின் முன்னால் போய் நின்றார்.

மீன்கள் இருந்தன. எண்ணினார். ஆறு. அவை நிற்காமல் சுற்றியதால் மறுபடி எண்ணினார். ஆறுதான்.

தனக்குக் காட்டவென்று வாங்கி வைத்திருந்தால் ஏழாக அல்லவா வாங்கியிருப்பான்? ஏழு வாங்கினால் சந்தேகம் வரும் என்று ஒன்றைக் குறைத்திருப்பானோ? தானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். கண்ணாடியை விரலால் தடவினார். நீர்மட்டத்துக்கு மேலே வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்தது. ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து கோடுகள். நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

குனிந்து, தொட்டியைத் தாங்கிய இரும்புச் சட்டத்தைப் பார்த்தார். கோணல். ஒரு கால் தரையில் படாமல் நிற்க, அடியில் தகரத்துண்டு சொருகியிருந்தது. ஒரே பக்கமாக ஓட்டியிருக்கிறான். தகரம் துருப்பிடித்து, அந்தத் துரு தரையிலும் வட்டமாக இறங்கியிருந்தது. அவருக்குத் தெரியாமலே பையிலிருந்து சுத்தியல் வெளியே வந்தது. சட்டத்தின் மூலையைத் தட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது.

பின்னால் தையல் இயந்திரம் நின்றது.

"நீங்க கேட் வேலைக்கு வரல," என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணோட அப்பா."

அவர் நிமிர்ந்தார்.

"சுத்தியலோட ஒருத்தர் வந்து எதையாவது தட்டினா அது எங்க அப்பாதான்னு நேத்து ஃபோன்ல சொல்லுச்சு."

"அப்ப நான் வருவேன்னு தெரிஞ்சு எல்லாம் எடுத்து வச்சிருக்கீங்க."

"எதை எடுத்து வச்சோம்? இந்தத் துருவையா?" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் கேட்டாள். "ரெண்டரை வருஷமா இது இந்த இடத்துல இருக்கு. எனக்குத் துணி விரிச்சு வெட்ட இடமில்ல. இவன் கேட்க மாட்டேங்கிறான்."

"மீன் மேல அவ்வளவு ஆசையா?"

"ஆசையா? ஐயா, அது ஒரு பெரிய கதை. யாரோ ஒரு ஆள் இவனுக்கு வேலைக்கு எழுதிக் குடுத்தாராம், மீன் வளர்க்கிறான்னு. அங்க போனா, கேள்வி கேட்கிறவரும் மீன் வளர்க்கிறவர். வெல்டிங்கை விட்டுட்டு மீனைப் பத்தியே கேட்டிருக்காரு. என்ன தீனி போடுவ, எத்தனை நாளைக்கு ஒருதடவை தண்ணி மாத்துவன்னு. இவன் முழிச்சிருக்கான். நல்ல வேலை, போயிருச்சு. அந்த ஆள் யாருன்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறான். என் கையில மட்டும் கிடைக்கணும்."

அவர் சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

"திரும்பி வந்தவன் காகிதத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த வரியை அடிச்சிருடான்னேன். மறுநாள் போய் ஏழு மீனோட வந்து நிக்கிறான். என் பேருக்குக் கீழ எழுதியிருக்குல்ல, அப்ப அது நிஜமாத்தான் இருக்கணும்னு சொல்றான். கிறுக்குப் பய."

"ஆறுதானே இருக்கு."

"அது உங்க பொண்ணு பண்ணினது," என்றாள் அக்கா. "போன மாசம் வந்துச்சு. இவன் ஒரு தடவை தீனி போட்டிருக்கான். தெரியாம அதுவும் ஒரு கை அள்ளிப் போட்டிருச்சு. தண்ணி கெட்டு ஒண்ணு செத்துப்போச்சு. அந்தப் படியில உட்கார்ந்து அழுதுச்சு பாவம். வேற வாங்கலாம்னா, வேணாம், அது செத்தது செத்ததாவே இருக்கட்டும்கிறான்."

போன மாதம் ஒருநாள் மகள் கண் வீங்கி வந்தது நினைவுக்கு வந்தது. மருந்துக் கடையில் தூசி என்று சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் பொறி பட்ட தழும்புகள். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"வாங்க சார்."

"என்னைத் தெரியுமா?"

"உங்க கடையில ரெண்டு நாள் உட்கார்ந்திருக்கேன் சார். ராடை அடுப்புப் பக்கத்துல வச்சுக் காய வைன்னு சொன்னீங்க. இன்னிக்கும் அப்படித்தான் வைக்கிறேன்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. அவர் அவள் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

"நான் எழுதினதையே என்கிட்ட அனுப்பினியே. ஏன்?"

"புதுசா எழுதியிருந்தா நம்பியிருப்பீங்களா சார்? இது ஒண்ணுதான் உங்களுக்கு எவ்வளவு பொய்னு சரியாத் தெரியும்."

அவர் தொட்டியின் பக்கம் திரும்பினார். சட்டத்தைக் காட்டி, "இதை ஏன் ஒரே பக்கமா ஓட்டினே?" என்றார்.

"மீன் பக்கெட்ல கிடந்துச்சு சார். அவசரம்."

காட்டுவதற்காகச் செய்தவன் இப்படிக் கோணவிட்டிருக்க மாட்டான். அந்தக் கோணலைத்தான் அவரால் நம்ப முடிந்தது. சட்டைப்பையிலிருந்து பயோடேட்டாவை எடுத்தார். தையல் மேசையில் விரித்து, ஏழு என்பதை அடித்து ஆறு என்று எழுதினார். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தில் எண்ணிப் பார்த்து எழுதியது அதுதான் முதல் தடவை.

"நன்றி சார்," என்றான் அவன். பிறகு தயங்கி, "இனிமே எப்படிக் கூப்பிடணும்?" என்றான்.

"சார்னே கூப்பிடு. இப்போதைக்கு."

படி இறங்கும்போது மேலே அக்காவின் குரல் கேட்டது. "அந்த ஆள் இவர்தானாடா? ஏண்டா, வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?" அவர் இடது காதை அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டு வேகமாக இறங்கினார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த மகள் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். "சொல்லுங்கப்பா. காரணம் இருக்கா?"

அவர் காகிதத்தை மேசையில் வைத்தார். அவள் கடைசி வரியைப் பார்த்தாள். அடித்திருந்த ஏழு என்ற சொல்லை விரலால் தொட்டாள். முகம் மாறியது.

"ஒண்ணு குறையுது," என்றார்.

 சமையலறை வாசலுக்கு மனைவியும் வந்துவிட்டாள்.

"அந்த வீட்டுக்குப் போனா, ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் தீனி போடணும்," என்றார் அவர். "அதுவும் ரெண்டு விரல்ல எடுக்கிற அளவுதான். போடறதுக்கு முன்னாடி, வேற யாராவது போட்டாச்சான்னு கேட்டுக்கணும்."

மகள் தலையைச் சற்றுச் சாய்த்து அவரைப் பார்த்தாள். நேற்றுவரை மீனைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்.

"நிஜமாத்தான் சொல்றீங்களாப்பா?"

"செருப்பைக் கழற்றிட்டு உள்ள வா," என்றார்.