தண்ணீர் நிற்காத வளவு

என் வீட்டுக் காப்புறுதியில் வெள்ள அபாயக் கட்டணம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊரான பேசாலையிலேயே நன்றாகக் கடிதம் எழுதுபவன் நான்தான் என்ற நினைப்பில் மூன்று பக்கத்துக்கு மறுப்பு எழுதினேன். வளவைப் பார்வையிடக் காப்புறுதி அலுவலர் ஒருவர் வந்தார்.

"ரெண்டடி மண் போட்டு வளவை உயர்த்தினனான், தம்பி. ஒரு சொட்டும் நிக்காது" என்றேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மேரியக்காவையும் கூப்பிட்டேன்.

"ஓம் தம்பி, இவற்ர வளவில நிக்காது. எல்லாம் எங்கட வீட்டுக்குள்ளதான் வாறது. போன மாரிக்குப் பிள்ளையளைக் கட்டிலுக்கு மேல ஏத்தி வச்சிருந்தனாங்கள்" என்றார் அவர், சிரித்தபடி.

"நீங்கள் காப்புறுதி எடுத்தனீங்களோ, அக்கா?" என்று கேட்டார் அலுவலர்.

"நல்ல கதை!"

என் கட்டணம் நீங்கியது. அடுத்த மழையில் வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர் ஒரு நிமிடமும் தங்காமல் மேரியக்கா வீட்டுப் பக்கம் ஓடியது. நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதை நினைக்கத்தான் இன்னும் கூசுகிறது.