நாற்காலியோடு போன நிழல்

முதலில் நாற்காலிகளை விரட்டுவார். பிறகு மேசை, கட்டில், குழாய், கதவுக் கைப்பிடி. "நீங்கல்லாம் கிளம்புங்கப்பா, கணக்குக்கு ஆக மாட்டீங்க" என்று கணினித் திரையிடம் செல்லமாகச் சொல்லியபடியே வகைவகையாக, மொத்தமாக அழிப்பார் அண்ணி.

அலுவலகம் முழுக்க அவரை அண்ணி என்றாலும், சொந்த நாத்தனார் அங்கே ஒருத்திதான். பக்கத்து மேசையில் கட்டடங்களை வரைபவள். அவள் கணினிக்குள் எழுப்பும் கட்டடத்திலிருந்து சுவர், கூரை, தரை, ஜன்னல் இவற்றின் வடிவத்தை மட்டும் உரித்தெடுத்து, வெயில் எவ்வளவு நுழையும், அறையைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று கணக்கிடுவது அண்ணியின் வேலை. சுவரும் கூரையும் ஒரு நூல் விலகினாலும் கணக்கு படுத்துவிடும். அந்தப் பழக்கத்தில், உறவினர் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களுக்கு முன்னால் மூலைகளைத்தான் நலம் விசாரிப்பார்.

அன்றைக்குப் பாலர் பள்ளி. தவழும் குழந்தைக்கும் மரம் தெரியட்டும் என்று, தரையைத் தொடும் ஜன்னல்களை ஆசை ஆசையாக வரைந்திருந்தாள் நாத்தனார். கணக்கில் வந்ததோ அறையல்ல, அடுப்பு. சாயங்காலத்துக்குள் சூடு குறையாவிட்டால் ஜன்னல்களில் பாதியை அடைத்துவிடுங்கள் என்று பள்ளிக்காரர் சொல்லிவிட்டார். நாத்தனார் அண்ணியின் மேசைக்கே வந்து அழுதாள்.

"வேணும்னே பண்றீங்க அண்ணி. உங்க சமையலைக் குறை சொன்னதுக்குப் பழி."

"அது உங்கண்ணன் சமைச்சதுடி. அழறதுன்னா தள்ளி நின்னு அழு, கீபோர்டு நனையுது."

சொல்லிவிட்டு அண்ணி திரையை உற்றுப் பார்த்தார். "ஏண்டி, ஜன்னலுக்கு மேல நிழலுக்கு ஒண்ணுமே வைக்கலையா?"

"வெச்சேனே. அகலமா, மரப்பலகையில."

"எந்த வகையில போட்ட?"

நாத்தனார் நகத்தைக் கடித்தாள். "மரச்சாமான் வகையில. பலகை அங்கதான் அழகா கிடைச்சுது."

"அடிப்பாவி. நாற்காலியோட சேர்த்து அதையும் துரத்திட்டேனே."

"யார் எவர்னு பார்க்காம துரத்தினது யாராம்?"

இருவரும் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அண்ணி பலகையை மீட்டு ஜன்னலின் நெற்றியில் பொருத்தி, கணக்கை மறுபடி ஓட விட்டார். எண்கள் இறங்கின, இறங்கின, பள்ளிக்காரர் சொன்ன கோட்டுக்கும் கீழே போய் நின்றன. ஒரு ஜன்னலையும் அடைக்க வேண்டாம். நாத்தனார் அழுகையும் சிரிப்புமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்கால வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது. அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் நீட்டி, அவள் நெற்றிக்கு மேலே பலகைபோல் பிடித்துக்கொண்டார்.