சன்னலோர இடத்துக்கு ஒரு மீன்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் என் உடம்பிலேயே அதிகம் பாடுபட்டது வலது முழங்கால்தான். நடந்து பாடுபடவில்லை. மிதிபட்டுப் பாடுபட்டது.

தேக்காவில் ஒரு அரிசிக் கடைக்கு மேலே நீளமான அறை. வேலைக்கு வந்த ஆண்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். முதலில் வந்தவருக்குச் சன்னலோரம், கடைசியில் வந்தவனுக்கு வாசலோரம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்து புது ஆள் சேர்ந்தால் அவன் வாசலில் படுப்பான், மற்றவர்கள் ஒரு பாய் தூரம் சன்னல் பக்கம் நகர்வார்கள். பதவி உயர்வு என்றால் எங்களுக்கு அதுதான்.

சன்னலோரத்தில் இருந்தவர் மாட்டு வண்டிக்கார அண்ணன். மாட்டுக்குத் தீனி வைக்க விடியுமுன்னே எழுந்து, இருட்டில் எல்லோரையும் தாண்டி வாசலுக்கு வருவார். மற்ற எல்லோரையும் பூப்போலத் தாண்டிவரும் கால், கடைசியாக வந்து வாசலோரம் கிடந்த என்னிடம் வந்ததும் கல்லாகிவிடும். "ஐயோ" என்பேன். "இருக்கியா? சரி சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

எனக்கு வேலை கோயில் பக்கத்தில் ஒரு அக்காவின் பூக்கடையில். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஆகாது. வாத்தியார் என்னைப் பார்த்து அழுதாரா, நான் அவரைப் பார்த்து அழுதேனா என்று இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் விரல் மட்டும் சொன்னபடி கேட்கும். கண்ணை மூடிக்கொண்டே சரம் கட்டுவேன். அக்காவுக்கு என்னிடம் ஒரே ஒரு குறை.

"கையி கட்டுது, வாயி கட்ட மாட்டேங்குதே. தண்ணி தெளிச்சியாடா?"

"தெளிச்சேன்க்கா."

"மறுபடி தெளி."

சிங்கப்பூர் வெயிலில் பூ வாடாமல் இருக்க வேண்டுமென்றால் கூடைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தபடியே இருக்க வேண்டும். சில வாரங்களில் அது என் கைக்கு வியாதி மாதிரி ஆகிவிட்டது. எதைக் கட்டி முடித்தாலும் கை தானாகப் போய்ச் செம்புக்குள் நனைந்து வரும். ஒருநாள் என் சோற்றுப் பொட்டலத்துக்கே தெளித்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தர்காவுக்குப் பூ வாங்க ஒருவர் வருவார். நாகூர்க்காரர். என் வயதுதான் இருக்கும். ஆனால் முன்பே வந்து சேர்ந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் நானா; அவர்கள் பேச்சில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் குதிரை வண்டி ஓட்டினார். ஒரு வியாழக்கிழமை மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் முன்னால் திறந்தார். உள்ளே தூண்டில் முட்கள். ஒவ்வொன்றிலும் பாதி தின்ற இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னா நானா இது, செத்த குருவியா?"

"துரையோட பூச்சிப்பா. நெசப் பூச்சி இல்ல, பட்டு நூலும் கோழி இறகும் வச்சுக் கட்டினது. இத தண்ணி மேல மிதக்க விட்டா மீன் பூச்சின்னு நெனச்சு வந்து கவ்வுமாம். சீமையிலேர்ந்து வந்துச்சு. கரப்பான் தின்னுபோட்டுது."

"புழு வச்சா ஆகாதா?"

"அதக் கேட்டேன். கேட்டதுக்கு நாள் முழுக்கப் பேசல. நீதான் கண்ண மூடிட்டுக் கட்டுறியே, இதக் கட்டித் தாயேன்."

இறகு என்ன, யானையைக் கூடக் கட்டுவேன் என்றேன். கோழி விற்கும் சீனரிடம் சேவல் கழுத்து இறகு கேட்டு வாங்கினேன். அவருக்கு என் பேச்சும் புரியாமல், எனக்கு அவர் பேச்சும் புரியாமல், கடைசியில் நான் என் கழுத்தையே தடவிக் காட்டித்தான் வியாபாரம் முடிந்தது. அக்கா உள்ளே போன நேரத்தில் பட்டு நூலால் சுற்றிப் பூச்சிகளைக் கட்டினேன். அழகென்றால் அப்படி ஒரு அழகு. கட்டி முடித்ததும் வழக்கம்போல் நன்றாகத் தண்ணீர் தெளித்து, ஈர வாழை இலையில் சுற்றி நானாவிடம் கொடுத்தேன். வாடக்கூடாது பாருங்கள்.

அடுத்த வாரம் நானா சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, கோழி இறகு வாடுமா?"

"வாடாது."

"பின்ன எதுக்குய்யா தண்ணி தெளிச்ச? முள்ளெல்லாம் துரு. இறகு சொதசொதன்னு ஊறிப்போய்க் கல்லு மாதிரி முழுகுது. மிதந்தாத்தானேய்யா பூச்சி!"

துரைக்குக் கோபம் வந்ததாம். ஆனால் கட்டு மட்டும் அவிழவே இல்லை என்பதையும் பார்த்திருக்கிறார். "அந்த ஆளை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா, இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கட்டும்" என்று சொல்லி, தான் தூக்கிப் போட இருந்த ஒரு பழைய பட்டுத் தூண்டில் கயிற்றையும் கொடுத்தனுப்பினார். அப்படித்தான் தொடங்கியது என் மீன் பிடிப்பு.

அறைக்குப் பக்கத்துக் கால்வாய்க் கரை மூங்கிலில் ஒன்றை வெட்டி, நுனியில் பட்டுக் கயிற்றைக் கட்டி, அறைக்குக் கொண்டுவந்தேன். மூங்கில் அறையை விட நீளம். பாதி சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னடா பூக்காரா, கொடிமரம் நடப்போறியா?" என்றார் வண்டிக்கார அண்ணன்.

விவரம் சொன்னேன். சலவைக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமவே தொடங்கிவிட்டார்.

"கோழி இறகத் திங்க மீனுக்கென்ன கிறுக்கா?"

"துரை புடிக்கிறாரே!"

"அவர் துப்பாக்கி வச்சிருப்பாரு, மீன் பயத்துல வந்திருக்கும்" என்றார் அண்ணன். "இங்க பாரு. புழு இல்லாம, எறா இல்லாம, வெறும் இறக வச்சு ஒரே ஒரு மீன் புடிச்சுட்டு வா. என் சன்னலோரத்த நீ எடுத்துக்க."

"புடிக்கலைன்னா?"

"திங்கக்கிழமை கப்பல் வருதுல்ல? சலவைக்காரர் மச்சான் வர்றாரு. அவர் உள்ள போயிடுவாரு, நீ வாசல்லயே கெட. அதுக்கடுத்த கப்பல், அதுக்கும் அடுத்த கப்பல், யார் வந்தாலும் நீ வாசல்தான்."

என் முழங்கால் வேண்டாம் என்றது. வாய் சரி என்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூ விற்றுத் தீர்ந்ததும் அக்கா விட்டார். "மீன் தொட்ட கையோட நாளைக்குச் சாமி பூவத் தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன். மஞ்சள் போட்டுக் குளிச்சுட்டு வா" என்றார். குதிரை வண்டியில் நானாவுக்குப் பக்கத்தில் மூங்கிலைப் பிடித்தபடி உட்கார்ந்து காலாங் ஆற்றுக்குப் போனேன். இந்தத் தடவை புதிதாகக் கட்டிய பூச்சிகளை வாழை இலையில் சுற்றவில்லை. துருப் பிடித்தால் துரை என்னையே தூண்டிலில் மாட்டுவார் என்று பயந்து, என் முண்டாசில் குத்திவைத்திருந்தேன். 

கண்டல் மரங்கள் தண்ணீர் மேல் கவிந்திருந்த ஒரு வளைவில் துரை நின்றார். கையை அசைத்தாரா என்றே தெரியவில்லை, கயிறு பின்னால் போய், நிமிர்ந்து, முன்னால் போய்த் தண்ணீரில் தூசி மாதிரி படிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

நான் முதலில் வீசியது என் வேட்டியில் மாட்டியது. அடுத்தது நானாவின் தொப்பியைக் கொண்டுபோனது. அதற்கடுத்தது குதிரையின் வாலில். குதிரை திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இதற்கு முன் வாத்தியாரிடம்தான் பார்த்திருந்தேன்.

"ஓய், மீன் முன்னாடி இருக்கு, நீ பின்னாடி எதப் புடிக்கிற?" என்றார் நானா.

துரை வந்து என் முழங்கையை விலாவோடு சேர்த்துப் பிடித்து, ஏதோ சொன்னார்.

"மெதுவான்றாரு. மீனப் புடி, கொசு வெரட்டாதன்றாரு."

மெதுவாக வீசினேன். பூச்சி ஒழுங்காகத் தண்ணீரில் விழுந்தது. சற்று நேரம் நின்று, ஊறி, முழுகிப்போனது. ஏன் என்று யோசித்தேன். என் கை ஈரமாக இருந்தது. பூச்சியைக் கயிற்றில் கட்டும்போதே பழக்கத்தில் ஆற்றுத் தண்ணீரைத் தெளித்திருக்கிறேன். நானா தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கட்டினேன், மறுபடி தெளித்தேன். வெயில் சாய்ந்துவிட்டது. துரைக்கும் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். முண்டாசில் ஒரே ஒரு பூச்சிதான் மிச்சம்.

"நானா, என் ரெண்டு கையில ஒண்ணப் புடிச்சுக்கங்க."

"எதுக்கு?"

"தெளிச்சுடுவேன்."

அவர் என் இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பல்லாலும் வலது கையாலும் பூச்சியைக் கட்டினேன். அந்த அறையில் யார் யாரோ வந்து உள்ளே நகர, நான் மட்டும் கிழவனாகும்வரை வாசலில் மிதிபடுவதை நினைத்துக்கொண்டு வீசினேன்.

தண்ணீருக்கே போகவில்லை. கண்டல் கிளையின் இலை ஒன்றில் சிக்கி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே பூச்சி தொங்கியது.

"முடிஞ்சுதுலா" என்றார் நானா.

அப்போது கிளைக்குக் கீழே தண்ணீருக்குள்ளிருந்து வெற்றிலைச் சாறு பீச்சுவதுபோல மெல்லிய நீர்க்கோடு ஒன்று எழுந்து வந்து பூச்சியின் மேல் பட்டது. யாரோ துப்புகிறார்கள்! சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. மறுபடியும் துப்பல். மனிதர்கள் என்னைப் பார்த்துத் துப்பியதுண்டு, ஒரு ஆறே துப்பியது அன்றுதான். துரை சுருட்டிய கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அசையாதே என்று விரலைக் காட்டினார்.

மூன்றாவது துப்பலில் பூச்சி இலையை விட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. முழுகவில்லை. அதைச் சுற்றி வானவில் நிறத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று விரிய, நடுவில் ராஜா மாதிரி மிதந்தது. அறையில் எல்லோரும் சொல்லிக்காட்டுகிற அளவுக்கு நான் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பேன். முண்டாசு ஊறி, நாள் முழுக்க அதிலேயே கிடந்த கடைசிப் பூச்சியும் ஊறியிருக்கிறது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் 'ப்ளக்' என்றது. கயிறு இழுபட்டது.

"இழு! இழுப்பா!"

துரை சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக இழுக்கவில்லை. மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு கரை ஏறி ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது புல்லில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. வெள்ளி உடம்பு, முதுகில் கரும்பட்டைகள், கூர்மையான வாய். மலாய்க்காரர்கள் அதைச் சும்பிட் என்பார்களாம்; கிளையில் இருக்கும் பூச்சியைத் தண்ணீர் துப்பியே விழவைத்துத் தின்னுமாம். துரை என் முண்டாசைக் கேட்டு வாங்கி, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, பிறகு தன் பூச்சிகளை ஒவ்வொன்றாக அதில் தேய்த்துக்கொண்டார்.

மீனின் வாயிலிருந்து முள்ளை எடுக்கவில்லை. இறகோடு, மூங்கிலோடு அப்படியே மாடி ஏறினேன். அண்ணன் விளக்கைத் தூக்கிப் பிடித்து மீனின் வாயைப் பார்த்தார். விரலால் இறகைத் தொட்டார். வேறு இரை இருக்கிறதா என்று உள்ளே நோண்டினார்.

"சந்தையில வாங்கி இறகச் சொருகியிருந்தா?" என்றார் சலவைக்காரர்.

"இந்த மீன் தேக்காச் சந்தையில வந்து நீ பாத்திருக்கியா?" என்றார் அண்ணன். "இல்லல்ல? அப்பறம்?"

குழம்பு வைத்தோம். ஆளுக்கு ஒரு துண்டு முள் கிடைத்தது. அண்ணன் விரலைச் சூப்பிவிட்டு எழுந்து, தன் பாயைச் சுருட்டி, வாசலில் கொண்டுவந்து போட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "வேணாம்ண்ணே, சும்மா பேச்சுக்குத்தானே" என்றேன்.

"சொன்னது சொன்னதுதான். போ. போய்க் காத்து வாங்கு."

சன்னலோரத்தில் படுத்தேன். கால்வாய்ப் பக்கத்துக் காற்று வந்தது, மாட்டுக் கொட்டகை நாற்றமும் கூடவே வந்தது. கிடைத்த பதவியில் அதெல்லாம் பார்க்கக் கூடாது.

கண் விழித்தபோது வெயில் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அறையில் பாதிப் பேர் இன்னும் தூக்கத்தில். வண்டிக்கார அண்ணன் வாசலில் எழுந்து, அப்படியே வெளியே இறங்கிப் போயிருக்கிறார். எவரையும் தாண்டவில்லை, எவரையும் மிதிக்கவில்லை. முதலில் எழுகிற ஆளை வாசலில் படுக்கவைத்தால் போதும் என்பது இத்தனை காலத்தில் அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இடம் என்றால் மரியாதை, மரியாதை என்றால் சன்னல் என்று இருந்துவிட்டோம்.

மதியம் கப்பலிலிருந்து சலவைக்காரரின் மச்சான் பெட்டியோடு வந்து, வழக்கப்படி வாசல் பக்கம் பாயை விரிக்கப் போனார். அண்ணன் அவரைத் தடுத்தார்.

"அது என் இடம். நீ உள்ள போ."

நான் அப்போது அங்கே இல்லை. மிதித்து எழுப்ப ஆளில்லாமல் வேலைக்குப் பிந்திப்போனதற்காக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மஞ்சள் மணக்கும் கையால் சாமந்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.