கடித்த கொய்யாவைப் பார்க்கிறவர்

மேரி ஜோசபீன் அக்கா ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார். கையிலிருக்கும் கொய்யாவைத்தான் பார்ப்பார். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் காலைப் படகில் யாராவது ஒரு கடி கடித்துவிட்டுக் கடலைப் பார்த்தால், கழுத்தை நீட்டிக் கடித்த இடத்தை ஆராய்வார். வெள்ளைச் சதையில் இரத்தச் சிவப்பாக ஒரு கீறு தெரிந்தால் போதும். "தம்பி, புதன்கிழமை பல் டொக்ரர் வாறார். வந்து காட்டிப்போட்டுப் போம்." சிவப்புக் கொய்யாவைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "அது பொய் சொல்லுற பழம்."

மண்டைதீவுக்காரர். பதினெட்டு வருடமாக நயினாதீவின் பல் சிகிச்சை அறையில் உதவியாளர். யார் எதைத் தின்னக் கொடுத்தாலும் கைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, வாய் படாத பக்கத்தில் ஒரு துண்டு வெட்டித்தான் எடுப்பார். "கலியாணம் கட்டி முப்பது வருசம். வின்சன்ற் குடிச்ச கோப்பையிலை நான் வாய் வைச்சதில்லை. வாய்க்குள்ளை என்ன குடியிருக்குதெண்டு எனக்கெல்லோ தெரியும்!" வின்சன்ற் அவருடைய கணவர், பாவம்.

என்னையும் கொய்யாவில்தான் பிடித்தார். நான் நயினாதீவில் தமிழ் படிப்பிக்கிறேன். கீழ் முன்பல் நாலும் ஆடத் தொடங்கியிருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கிக் கட்டுப்பல் வைக்க யாழ்ப்பாணத்தில் நாளும் குறித்தாயிற்று. ஆறாம் வகுப்புக்கு ழகரம் சொல்லிக் கொடுக்கும்போது கட்டுப்பல் துள்ளி மேசையில் விழுந்தால்? அந்தப் பயத்தில் நித்திரை இல்லை. அன்று மறந்துபோய் முன்பல்லால் கடித்துவிட்டேன்.

"ரீச்சர், எத்தினை நாளா முன்பக்கம் பல்லுத் தீட்டேல்லை?"

திடுக்கிட்டுப் போனேன். பல்லைப் பிடித்திருக்கும் முரசில் இரத்தம் கசிகிறதே, புண்ணைக் கிண்டக்கூடாது என்று இரண்டு வருடமாக அந்த இடத்தில் பிறஷ் படாமல் உப்புத்தண்ணீரால் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். படித்த கழுதை!

"அதுதான் பிழை. முரசு சும்மா சதையில்லை ரீச்சர். கிருமி வந்து ஒட்டினால் அதிலை இருக்கிற உயிர்க்கலங்களுக்குத் தெரியும். உடனை ஆள் கூப்பிடும். ஆக்கள் இரத்தத்தோடைதான் வருவினம். அதுதான் சிவக்கிறது, வீங்கிறது. அழுக்கை எடுக்காமல் விட்டால் கிருமியும் போகாது, கூப்பிடுறதும் நிக்காது. வந்தவை சண்டை பிடிச்சுப் பிடிச்சுக் கடைசியிலை பல்லு நிக்கிற எலும்பையும் கரைச்சுப்போடுவினம்."

"அப்ப என்ரை உடம்பே என்ரை பல்லைக் கழட்டுதோ?"

"ஓம். ஆனால் அதை ஏசாதேங்கோ. அது உங்களுக்காகத்தான் பாடுபடுது. நீங்கள்தான் கைகுடுக்கேல்லை."

இரண்டு வருடம் எனக்காகப் போராடிய முரசை நான் சனியன் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிடுங்கும் நாளைத் தள்ளிப்போட வைத்தார். புதன்கிழமைகளில் மருத்துவர் பல்லுக்கல்லைச் சுரண்ட, அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டு, "அழுதால் உங்கடை பிள்ளையளுக்குச் சொல்லிப்போடுவன்" என்று வெருட்டுவார். படகில் ஏறினால் வணக்கம் கிடையாது, "தீட்டினனீங்களோ?" தான். முன்பல்லால் கடிக்க ஆறு மாதம் தடை. நாலில் ஒன்று தங்கவில்லை. மற்ற மூன்றும் நிற்கின்றன. இன்று வகுப்பில் வாயைப் பொத்தாமல் சிரிக்கிறேனென்றால், அது அந்த மனுசி தந்த சிரிப்பு. நன்றி சொல்லப் போனால், "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று கடல் பக்கம் திரும்பிவிடுவார்.

போன வெள்ளிக்கிழமை தடை முடிந்தது. இறங்குதுறையில் வெள்ளைக் கொய்யாவாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். படகு புறப்பட்டதும் முன்பல்லால் ஒரு கடி. அதை அவரிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுச் சிவப்பில்லை.

கைப்பையில் கத்தியைத் தேடுவார் என்று பார்த்திருந்தேன். அவர் பையைத் திறக்கவேயில்லை. நான் கடித்த இடத்திலேயே வாயை வைத்து, ஒரு பெரிய கடி கடித்தார்.