மூன்றாம் வரிசை ஈட்டிக்காரன்

போஷெனா யாரையும் முதலில் முகத்தில் பார்ப்பதில்லை. அக்குளில்தான் பார்ப்பாள். பேருந்தில் எதிரே நிற்பவர் மேலே தொங்கும் பிடியைப் பற்றக் கையை உயர்த்தினால் போதும், அவர் சட்டையின் அடிவிளிம்பு கூடவே ஏறுகிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று அவள் கண் போய்விடும். ஏறினால் உதட்டைச் சுழிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் ஆசீர்வதிக்கக் கைகளை விரிக்கும்போதும் அதே பார்வைதான்.

"அவரையாவது விட்டு வை," என்று அவள் கணவன் லெஷெக் பெஞ்சிலேயே முழங்கையால் இடிப்பான்.

"தோள்ல இழுக்குது பாரு. பாவம், எப்படித்தான் கையைத் தூக்குறாரோ."

கல்யாணமான நாள் தொட்டு இப்படித்தான். கையைத் தூக்கினால் அடிவிளிம்பும் கூட இழுபடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வாள் வீச முடியாது. லிப்போவோ கோட்டைக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் ஒவ்வொரு ஜூலையும் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய சண்டை ஒன்றைத் திரும்பச் சண்டையிட்டுக் காட்டுகிறார்கள். மற்ற நாட்களில் பால் லாரி ஓட்டும் லெஷெக் அந்த நான்கு நாளும் இரும்பு பூண்ட குதிரைவீரன். குதிரை மட்டும் கிடையாது. மற்ற நாட்களில் மரச்சாமான் தொழிற்சாலையில் சோபா உறை தைக்கும் போஷெனா, மாலைகளில் அந்தக் களத்தின் இடப்பக்க அணிக்குத் துணி தைப்பாள். அந்த அணியைச் சகோதரக் குழு என்பார்கள். ஒருவரையொருவர் சகோதரா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் கைராசி பொதிச்சட்டையில். வெளியே லினன், உள்ளே பழைய ராணுவக் கம்பளி மூன்று நான்கு மடிப்பு, எல்லாவற்றையும் சேர்த்து விரல் அகலத்துக்கு ஒரு கோடாக மேலிருந்து கீழே தைத்திருக்கும். இரும்புக்கு அடியில் உடம்பைக் காப்பது அதுதான். உள்மடிப்பில் மெஷின் ஓட்டலாம். கண்ணுக்குத் தெரியும் தையல் ஒவ்வொன்றும் கையால் போட்டிருக்க வேண்டும். லிப்போவோவில் அதற்கு விலக்கு கிடையாது.

சண்டை நாளில் லெஷெக்கின் கைக்கவசத்தைத் தோளோடு சேர்த்து வாரால் கட்டிவிடுவாள். தானே கட்டிக்கொள்ள எந்த வீரனாலும் முடியாது. பிறகு தண்ணீர் வாளியோடு கயிற்று வேலிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும். எல்லாம் அவள் தைத்த முதுகுகள்.

ஈட்டி வரிசைக்குத் தலைவன் கெர்வாஸி. ஊரில் இறைச்சிக்கடை வைத்திருப்பவன், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாதவன். ஒரு வருஷம் சண்டை முடிந்து வியர்வை சொட்ட வந்தவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

"நெரிக்குது போஷெனா. இந்தத் தடவையும் நெரிக்குது."

அவள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போயின. "சரியாத்தானே இருக்கு?"

"நிக்கிறப்ப சரியாத்தான் இருக்கும். தலையில இரும்பைக் கவுத்துக்கிட்டு, ஈட்டிய நீட்டிக்கிட்டு முன்னாடி குனிஞ்சு பாரு. கயித்துக்கு அந்தப் பக்கம் வாளி தூக்கிட்டு நிக்கிறவளுக்கு அது எங்க தெரியப் போவுது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் மனசில் வைத்துச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். கொப்பரையில் புளித்த கோசும் இறைச்சியும் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டாள். காரில் வீடு திரும்பும்போது வாயைத் திறந்தாள்.

"அடுத்த ஜூலைல நான் உள்ள போறேன்."

"எங்க உள்ள?"

"களத்துக்குள்ள. ஈட்டி வரிசைல."

லெஷெக் வண்டியை ஓரங்கட்டவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தான். "போஷென்கா, உனக்கு நாப்பத்தெட்டு வயசு."

"உனக்கு அம்பத்து மூணு. அதோட தொப்பை வேற."

"என் கைய யாரு கட்டுவா?"

"அதுதான் உன் கவலையா?"

அவன் யோசித்தான். "அதுவும் ஒண்ணு," என்றான்.

பெண்கள் உள்ளே போகக் கூடாது என்று லிப்போவோவில் சட்டம் இல்லை. இரும்புக்குள் இருப்பது யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். வெளியே இருந்து பார்க்க அந்தக் காலத்து ஆம்பளையாகத் தெரிய வேண்டும், பயிற்சியில் தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு மதியங்களில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். ஈட்டியை நீட்டிக்கொண்டு நிற்பாள், எதிர் வரிசை வந்து முட்டும், மல்லாக்க விழுவாள், எழுந்திருப்பாள். கெர்வாஸி முதலில் சிரித்தான். பிறகு, "காலை அகட்டி வை சகோதரா," என்று கத்தினான். சகோதரி என்று மாற்றிச் சொல்ல அவனுக்குத் தோன்றவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. முன்கையில் கன்றிய நீலத்தைப் பார்த்துத் தொழிற்சாலைப் பெண்கள் கேட்டார்கள். ஈட்டி என்றாள். ஒருத்தியும் நம்பவில்லை.

தனக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பொதிச்சட்டையை அவளே தைத்தாள். தன் உடம்புக்கு என்று தைத்த முதல் சட்டை. அகல விளிம்பு வைத்த இரும்புத் தொப்பியைக் கொல்லன் கொடுத்தான், அவனுக்கு அவள் தைத்துக் கொடுத்த சட்டைக்குக் கூலியாக. முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொண்டு களத்தை விட்ட ஒரு குதிரைவீரர் தன் இரும்புக் கையுறைகளைத் தந்தார். மணிக்கட்டில் இடுங்கி முன்கையில் விரியும் அழகான வேலைப்பாடு, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிச் செதில். பித்தளைப் பூ வைத்த இடுப்புவார் ஒன்று சந்தையில் அமைந்தது. எதையும் மட்டமாக எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் தைத்தவள் கோமாளி மாதிரிப் போய் நிற்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தாள்.

ஜூலை வந்தது. சண்டை சனிக்கிழமை மதியம், அதற்கு முந்தின நாள் காலையில் உடைப் பரிசோதனை. அதில் தேறினால் மணிக்கட்டில் ஈயப் பொத்தான் கோத்த சிவப்பு நூலைக் கட்டுவார்கள். நூல் இல்லாதவர் கயிற்றைத் தாண்ட முடியாது. பரிசோதிப்பவர் செவெரின். பிழைப்புக்கு நகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர், இங்கேயும் அதே முகம். வரிசையில் போஷெனாவின் முறை வந்ததும் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். சட்டைத் தையலை விரலால் நெருடினார். தலையசைத்தார். பிறகு கேட்டார்:

"யார் நீங்க?"

"போஷெனா."

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அது எனக்குத் தெரியும். போன வருஷம் எனக்குக் காலுறை தைச்சுக் குடுத்தது நீங்கதானே? நான் கேக்கிறது, இந்த உடுப்புல நிக்கிறது யாருன்னு. எந்த ஊரு, என்ன தொழில், யாருகிட்ட சேவகம்?"

எத்தனையோ பேருக்குத் தைத்திருக்கிறாள். ஒவ்வொருவரும் வந்து, நான் இன்ன பிரபுவின் ஆள், இன்ன வருஷத்தில் இருக்கிறேன் என்று சொல்வார்கள், அவள் அதற்கு ஏற்றபடி தைப்பாள். தனக்குத் தைத்தபோது அப்படிச் சொல்ல யாரும் இல்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

செவெரின் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். "தொப்பி, சாதாரண ஈட்டிக்காரனோடது. கையுறை, அஞ்சு குதிரை வச்சிருந்தவனோடது. இடுப்புவாரு, தான்ஸ்க் துறைமுகத்து வியாபாரியோடது. ஒரு உடம்புல மூணு பேரு நிக்கிறீங்க. இதுல யாருக்கு நான் நூல் கட்டுறது?"

"கையுறைய கழட்டிடறேன்."

"வெறுங்கையோட உள்ள விட மாட்டேன். விரல் போயிரும், அப்புறம் எனக்குக் காலுறை யாரு தைக்கிறது?"

"அப்ப என்னதான் பண்ணணும்?"

"நாளைக்குக் காலைல ஒன்பது மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஒரே ஆளா வாங்க."

கூடாரத்துக்குத் திரும்பியவள் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. வேறு எவனாவது இந்தக் கோலத்தில் வந்து நின்றிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். லெஷெக் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"விடு போஷென்கா. அடுத்த வருஷம் நிதானமா எல்லாம் சேத்துக்கலாம்."

"இந்த வருஷம்தான்."

"ஒரு நாள்ல எங்கேருந்து கையுறை வரும்?"

"உன்னோட பழைய தகட்டுச் சட்டை கார்லதானே கிடக்கு?"

அவன் முகம் மாறியது. "அது என்னோட முதல் சட்டை."

"அக்குள்ல கிழிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு. தைக்கக் கேட்டா தரவும் மாட்டேங்கிற, போடவும் மாட்டேங்கிற. கொண்டா இங்க. தகட்டை ஒண்ணொண்ணா கழட்டு."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தான். தோலோடு அறைந்திருந்த ஆணித்தலைகளை உளியால் நெம்ப ஆரம்பித்தான். ஒவ்வொன்று கழலும்போதும் பல் பிடுங்கியவன் போல முகத்தைச் சுளித்தான். அவள் கம்பளியை வெட்டினாள். கட்டைவிரல் தனி, மற்ற நான்கும் ஒன்றாகப் போகிற உறை. தோல், கம்பளி, நடுவில் தகடு, மறுபடி கம்பளி, மறுபடி தோல். சாதாரணச் சேவகனிடம் இருந்திருக்கக் கூடியது. எவனோ தூக்கிப் போட்ட பழைய சட்டையிலிருந்து அவன் தனக்கென்று ஒப்பேற்றிக்கொண்டது. ஊசி தோலுக்குள் ஏற மறுத்தது. துளைப்பானால் ஓட்டை போட்டு, மெழுகு தேய்த்த நூலை இழுத்தாள். ஜூலையில் அங்கே வெளிச்சம் லேசில் போகாது. இரவுச் சாப்பாட்டு மணி அடித்தபோதும் வெயில் மிச்சம் இருந்தது. ரொட்டியும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் மடியில் வைத்து அங்கேயே தின்றாள்.

தைத்துக்கொண்டே அந்த ஆளையும் யோசித்தாள். பித்தளைப் பூ வாரைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கூடாரத்தை இழுத்துக் கட்டியிருந்த வெறும் தோல்வார் ஒன்றை உருவினாள்.

"அது இல்லாம கூடாரம் எப்படி நிக்கும்?" என்றான்.

"நீ பிடிச்சுக்க."

மறுநாள் காலையில் பரிசோதனை மேஜைக்கு முதலில் போய் நின்றது அவள்தான். செவெரின் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார். "யாரு?"

"லிப்போவோ ஆலைக்காரனோட ஆளு. மாவு மூட்டை தூக்குறவன். தொப்பி ஊர்ப்பொது, சண்டை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடணும். சட்டை பழைய கம்பளி, வீட்டுல தைச்சது. கையுறை ஒரு குதிரைவீரன் எறிஞ்ச தகட்டுல பண்ணினது."

"எறியல. பிடுங்கினா," என்றான் பின்னால் நின்ற லெஷெக்.

செவெரின் மென்றதை விழுங்கினார். "கையை மேஜைல வைங்க." வைத்தாள். மரச் சுத்தியலை எடுத்து விரல்களின் மேல் ஓங்கி ஒன்று போட்டார். "வலிச்சுதா?"

"வலிச்சுது."

"விரலை மடக்குங்க."

மடக்கினாள். அவர் சிவப்பு நூலை எடுத்து அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அடுத்தவனைப் பார்த்து, "யாரு நீ?" என்றார்.

அன்று மதியம் அவளும் லெஷெக்கும் வழக்கத்தைவிட முன்னதாகவே கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் அவள் அவனுக்குக் கட்டினாள். இரும்புக் கையோடு அவளுக்குத் தொப்பி வாரை இறுக்க அவன் பட்ட பாட்டில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

"பயமா இருக்கா?" என்றான்.

"இருக்கு. இறுக்கமா கட்டு."

மூன்றாம் வரிசையில் விட்டார்கள். கொம்பு ஊதியதும் வரிசை குனிந்து நகர்ந்தது. ஈட்டியை நீட்டிக் குனிந்த கணமே பொதிச்சட்டையின் முன்கழுத்து தொண்டைக் குழியில் ஏறி அழுத்தியது. நிமிர்ந்தால் விட்டது. குனிந்தால் மறுபடி. கெர்வாஸி சொன்னது அத்தனையும் நிஜம். அவள் கற்றுக்கொண்ட அளவு நிற்கிற மனுஷனுக்கான அளவு, இங்கே எவனும் நிற்கவில்லை. முன்கழுத்தை ஒரு விரல் இறக்க வேண்டும், இரண்டு விரல் என்றாலும் தப்பில்லை என்று மனசுக்குள் வெட்டிக்கொண்டே ஓடினாள். அதற்குள் எதிர் வரிசை வந்து முட்டியது. இரும்போடு இரும்பு மோதிய சத்தம் பல்லுக்குள் இறங்கியது. காலை அகட்டி வைத்தாள். தள்ளினார்கள், தள்ளினாள். அவள் விழவில்லை.

விழாததே பிரச்சினையாகிவிட்டது. அவர்கள் பக்கம் ஒவ்வொரு வருஷமும் தோற்கும் பக்கம். இரண்டாம் கொம்புக்கு எல்லோரும் விழுந்து கிடக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் சரிந்துகொண்டிருக்க, அவள் மட்டும் ஈட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"விழு சகோதரா!" தரையிலிருந்து கெர்வாஸி சீறினான். "நீ செத்து எவ்வளவு நேரமாச்சு!"

அவள் கால் மடங்கி அவன் பக்கத்தில் சரிந்தாள். புல் ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பிணமாகக் கிடந்தார்கள்.

"நெரிக்குது," என்றாள்.

"நான் சொல்லல?"

"சொன்ன."

"இதோட நாலு வருஷமா சொல்றேன்."

"பேசாம கிட. நீயும் செத்துட்ட."

அந்தக் குளிர்காலத்தில் ஈட்டி வரிசைச் சட்டைகள் அத்தனையையும் கழுத்தில் பிரித்து வெட்டி மறுபடி தைத்தாள். குனிந்து நிற்கச் சொல்லி அளவு எடுத்தாள். பெரிய ஆம்பளைகள் அவள் சமையலறையில் துடைப்பத்தை ஈட்டி போல நீட்டிக் குனிந்து நின்றார்கள். குதிரைவீரரின் கையுறைகளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் அவற்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. தொழிற்சாலையில் சோபா உறை தைக்கிறாள், மாலையில் அணிக்குத் தைக்கிறாள், ஜூலையில் ஆலைக்காரனின் ஆளாக மூன்றாம் வரிசையில் நிற்கிறாள். செவெரின் ஒவ்வொரு வருஷமும் யார் என்று கேட்கிறார், அவள் சொல்கிறாள், அவர் நூல் கட்டுகிறார். அடுத்த ஜூலைக்கு இரண்டாம் வரிசை கேட்டிருக்கிறாள். கெர்வாஸி இன்னும் பதில் சொல்லவில்லை.